பழைய கார் என்றால் ஸ்டியரிங் ஆடத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் பட்டறையில் எல்லோரும் படித்தோம். படங்கள் அருமை. எழுதியவருக்கு இந்த வண்டிகள் மேல் உள்ள ஆசையும் வரிக்கு வரி தெரிந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது. அந்தக் காலத்து வண்டிகளில் ஸ்டியரிங் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஓட்டுகிறவர்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அது தவறு. தவறு என்பதோடு விட்டுவிட முடியாத வரி அது. அதை நம்பி ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு நாலுவழிச் சாலையில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநெல்வேலி பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். தொழில் கற்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளில். எனக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த முதலாளியிடம் பாளையங்கோட்டை டாக்டர்கள், வக்கீல்கள் வண்டிகள்தான் அதிகம் வரும். ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் வந்த வண்டி. 1961-இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதைச் செய்தது. நாலு கதவு வைத்த ஹெரால்டு உலகத்திலேயே நம் நாட்டில் மட்டும்தான் வந்தது. அந்த வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், விரலை அசைத்தால் சக்கரம் அசையும். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பிவிடும். நெல்லையப்பர் கோயில் பக்கத்து ரத வீதியில் ரிவர்ஸ் போடாமல் திருப்பிக்கொண்டு போவார்கள். அதுவும் பழைய வண்டிதான். அதன் ஸ்டியரிங் ஆடியதில்லை. ஆடினால் பழுது என்று பொருள், பட்டறைக்கு வரும்.

எல்லாப் பழைய வண்டியும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்மினி காரில் ஸ்டியரிங் பெட்டி இருக்கிறது, அதிலிருந்து பல மூட்டுகள் தாண்டித்தான் சக்கரத்துக்கு வேலை போகும். அதில் துளி ப்ளே, அதாவது சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடும் ஆட்டம், இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஹெரால்டு, அம்பாசடர் இரண்டும் ராக் அண்ட் பினியன். தண்டின் அடியில் உள்ள சின்னப் பல்சக்கரம் (பினியன்) பல் வெட்டிய ஒரு கம்பியை (ராக்) இடமும் வலமும் தள்ளும், அவ்வளவுதான். அதில் ப்ளே இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. அப்புறம் சட்டமும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 98-ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ப்ளே இருக்கக் கூடாது, மூட்டுகளில் உள்ள போல்ட்டுகள் கழன்றுவிடாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்று சொல்கிறது. 30 டிகிரி என்றால் கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையில் உள்ள தூரம். 15 இன்ச் வீலில் விளிம்பில் அளந்தால் ஏறக்குறைய 4 இன்ச் வரும். அதுவும் லாரி வரைக்கும் எல்லா வண்டிக்கும் சேர்த்துச் சொன்ன கடைசி எல்லை. ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் அவ்வளவு ப்ளே வந்தால் நான் அதைப் பட்டறை வாசலைத் தாண்ட விடமாட்டேன்.

வாயால் சொன்னால் போதாது, அண்மையில் எங்களிடம் வந்த ஒரு வண்டியின் கதையையே சொல்கிறேன்.

தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவர் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்றைக் கொண்டுவந்தார். மார்க் 3, 1296 சிசி எஞ்சின், இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். ஸ்பிட்ஃபயர் 1962-இல் வந்தது, 1980 வரை செய்தார்கள். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. ஹெரால்டுக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் 91.5 இன்ச், ஸ்பிட்ஃபயருக்கு 83. முன்பக்கத்து வேலைப்பாடு, ஸ்டியரிங் அமைப்பு எல்லாம் ஹெரால்டிலிருந்து எடுத்ததுதான். அதைக் கேள்விப்பட்டுத்தான் தம்பி எங்களைத் தேடி வந்தார்.

வரும்போதே கையில் ஒரு எஸ்டிமேட். ஒரு பெருநகரத்துப் பெரிய ஒர்க் ஷாப்பில் கொடுத்தது. "ஸ்டியரிங் காலம் அசெம்பிளி, ராக் அசெம்பிளி, இரண்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து மாற்ற வேண்டும்" என்று போட்டிருந்தது. ஸ்டியரிங் காலம் என்றால் வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டும் அதன் கூடும். அந்தத் தொகைக்கு ஒரு புது ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். பழுது என்ன என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. மாற்ற வேண்டிய சாமான் மட்டும் இருந்தது.

தம்பியிடம் என்ன செய்கிறது என்று கேட்டேன். வீலைத் திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்காமல் அப்புறம் திடீரென்று வண்டி திரும்புகிறது, நின்ற இடத்தில் திருப்பினால் கீழே 'கடக்' என்று ஒரு சத்தம், வல்லநாடு ஆற்றுப் பாலத்தில் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது வீல் கையில் தட்டுகிறது என்றார். "பழைய வண்டின்னா இப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க அண்ணாச்சி, நானும் பழகிட்டேன்" என்றும் சொன்னார். கட்டுரையில் வந்த அதே வார்த்தை. இது ஊரெல்லாம் பரவியிருக்கிற நம்பிக்கை என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

நான் வண்டிக்குள் உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது ஒரு சின்ன அழுத்து சுவிட்ச். டாஷ்போர்டுக்குக் கீழே, வீட்டு வாசலில் காலிங் பெல்லுக்கு வைக்கிற மாதிரி சுவிட்ச். எதற்கு என்றேன். "ஹாரனுக்கு அண்ணாச்சி. வீல்ல இருக்கிற ஹாரன் முதல்ல விட்டு விட்டு அடிச்சுது, திரும்பும்போது அடிக்காது. அப்புறம் சுத்தமா நின்னுபோச்சு. எலக்ட்ரீஷியன் தனியா சுவிட்ச் போட்டுக் கொடுத்தாரு."

அந்த ஒரு பதிலில் பாதிப் பழுது தெரிந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் ஸ்டியரிங் தண்டு நேராக ராக்கோடு சேராது. நடுவில் ஒரு ரப்பர் கப்ளிங் இருக்கும். சாலையின் அதிர்வு கைக்கு வராமல் தடுப்பது அதன் வேலை. தடித்த ரப்பர் வட்டு, அதில் தண்டுப் பக்கம் இரண்டு போல்ட், ராக் பக்கம் இரண்டு போல்ட். வீலின் நடுவில் உள்ள ஹாரன் பொத்தானை அழுத்தினால் ஸ்டியரிங் தண்டு வழியாகத்தான் எர்த் கிடைக்கும். ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் கப்ளிங்கின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஒரு சின்ன எர்த் வயர் கட்டியிருப்பார்கள். ரப்பர் கிழிந்து இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தால் அந்த வயர் இழுபட்டு இழுபட்டு அறுந்துவிடும். திரும்பும்போது மட்டும் ஹாரன் அடிக்கவில்லை என்றால் வயர் அறுந்துகொண்டிருக்கிறது, அதாவது ரப்பர் கிழிந்துகொண்டிருக்கிறது. வண்டி தன் நோயைத் தானே சொல்லியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் தனி சுவிட்ச் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டார்.

ஆனாலும் ஊகத்தை வைத்து எந்தச் சாமானையும் கழற்றக் கூடாது. கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு மிஷினும் வேண்டாம், இரண்டு ஆள் போதும். எஞ்சின் நிற்க வேண்டும், சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும், ஜாக்கி போடக் கூடாது. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து வீலை இடமும் வலமும் ரெண்டு விரல் அளவு மட்டும் ஆட்ட வேண்டும். இன்னொரு ஆள் கீழே ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு மூட்டில் வரும் பக்கம் அசைகிறது, போகும் பக்கம் அசையவில்லை என்றால் பழுது அங்கே. அவ்வளவுதான். ஸ்பிட்ஃபயரில் இது இன்னும் சுலபம். பானட், இரண்டு மட்காடு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறந்துகொள்ளும். முன் டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

பட்டறைப் பையனை உள்ளே உட்கார வைத்தேன். வீலில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, பக்கத்தில் ஒரு கம்பியை நிறுத்தி, ப்ளே எவ்வளவு என்று முதலில் அளந்தோம். "ஏல, பைய ஆட்டு, வேகம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நான் கையைக் கப்ளிங் மேல் வைத்தேன். தண்டுப் பக்கம் போல்ட் விரலுக்கு அடியில் நகர்கிறது, ராக் பக்கம் போல்ட் அப்படியே நிற்கிறது, அப்புறம் 'கடக்' என்று அதுவும் நகர்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பரில் போல்ட் ஓட்டையைச் சுற்றி வாய் பிளந்திருக்கிறது. மேலிருந்து எஞ்சின் ஆயில் ஒழுகி ரப்பர் ஊறிப்போய், நகத்தால் கீறினால் கறுப்பு மாவாக வந்தது. எர்த் வயரின் ஒரு முனை மட்டும் தொங்கியது.

அடுத்து ராக். பினியன் அசைந்த அந்த நொடியே டை ராடு, அதாவது ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி, அசைகிறதா என்று பார்த்தேன். அசைந்தது. உள் பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் எல்லாம் கெட்டி. ராக்கில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் ராக்கின் உடம்பே இடமும் வலமுமாக மெல்ல நகர்ந்தது. அதை சேசிஸோடு பிடித்திருப்பது இரண்டு யூ போல்ட், அதற்குள் ரப்பர் பேக்கிங். அந்த ரப்பரும் ஆயில் குடித்து ஊதி, பிடியை விட்டிருந்தது. ஆக, ஆயில் ஒழுகல் ஒன்று, அதனால் கெட்ட ரப்பர் இரண்டு இடத்தில். மாற்றச் சொன்ன ராக்கும் ஸ்டியரிங் காலமும் அதுவரை நிரபராதிகள்.

அதுவரை என்று ஏன் சொல்கிறேன் என்றால், மேலே தண்டைத் தொட்டுக்கொண்டே போனபோது இன்னொன்று கையில் பட்டது. இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணமே அதுதான்.

இந்த வண்டிகளில் ஸ்டியரிங் தண்டு ஒரே துண்டு கிடையாது. மேல் தண்டு, கீழ் தண்டு என்று இரண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். சேரும் இடத்தில் ஒரு கிளாம்ப். இரண்டு போல்ட், நடுவில் ஆலன் கீ போடும் ஒரு திருகு, அதன் மேல் ஒரு லாக் நட். இது வெறும் இணைப்பு இல்லை. வண்டி நேராக எதிலாவது மோதினால் ராக் பின்னால் தள்ளப்படும். ராக் இருப்பது ரேடியேட்டரை ஒட்டி, வண்டியின் மூக்கில். அப்போது கீழ் தண்டு கிளாம்ப்பின் பிடியை மீறி மேல் தண்டுக்குள் சறுக்கிச் சென்றுவிடும். வீல் ஓட்டுநரின் நெஞ்சுக்கு வராது. 1959-லேயே ஒரு சின்னக் குடும்ப வண்டியில் இதை யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காகவே ஹெரால்டு மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்த இடத்தில் கறுப்பு பெயிண்ட் தடிமனாக அடித்திருந்தது. விரலுக்கு மேடு தட்டியது. எமரி தாள் வைத்துத் தேய்த்தேன். பெயிண்ட் உரிந்ததும் வெல்டிங் தெரிந்தது. கிளாம்ப்பையும் இரண்டு தண்டையும் சேர்த்துச் சுற்றிலும் பற்ற வைத்திருக்கிறார்கள்.

என்ன நடந்திருக்கும் என்று விளங்கிவிட்டது. ப்ளே இருக்கிறது என்று வண்டி எங்கேயோ போயிருக்கிறது. கிளாம்ப்பில்தான் ப்ளே என்று யாரோ ஒருவர் தொட்டுப் பார்க்காமலே முடிவு செய்து வெல்டிங் வைத்துவிட்டார். ப்ளே அங்கே இல்லை, அதனால் போகவில்லை. அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் மாற்று என்றார். கிழிந்த ரப்பரை ஒருவரும் பார்க்கவில்லை. வெல்டிங் சூட்டில் தண்டின் கீழ் புஷ்ஷும் உருகிக் கோணியிருந்தது. அந்தத் தம்பி கல்யாணமான புதுப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் போய் வந்திருக்கிறார், நெஞ்சுக்கு நேராக ஒரு கடப்பாரையை வைத்துக்கொண்டு. வெல்டிங்கைக் காட்டி விளக்கியபோது அவர் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

வெல்டிங் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டியரிங்கில் எந்த இடத்திலும் வெல்டிங் வைக்காதீர்கள். சூடு பட்ட தண்டு பார்க்க நன்றாக இருக்கும், எங்கே எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்டின் முனையில் வெட்டியிருக்கும் பல்வரிசையில் (ஸ்ப்ளைன்) பல் தேய்ந்தால் தகரத்தை மடித்துச் செருகி இறுக்குகிற பழக்கமும் நம் பக்கம் உண்டு. லோடு ஆட்டோக்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதையும் விட்டுவிடுங்கள்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்டை வண்டியிலிருந்து முழுசாகக் கழற்றினோம். போல்ட் தலைகள் பல மழுங்கியிருந்தன. இது இன்ச் அளவு வண்டி. அரை இன்ச் தலை என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பானர் போட்டால் போவது மாதிரிதான் தெரியும், இறுக்கும்போது மூலையைத் தின்றுவிடும். இங்கிலீஷ் வண்டியைத் தொடுகிறவர் இன்ச் ஸ்பானர் செட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெல்டிங்கை வெட்டிவிட்டு அதே தண்டைத் திரும்பப் போடலாமே, லேத்தில் ஒன்று புதுசாகக் கடைந்துவிடலாமே என்று பக்கத்துப் பட்டறையில் சொன்னார்கள். பேட்டையில் லேத் வேலைக்குக் குறைவில்லை, நல்ல கைகள் இருக்கின்றன. ஆனால் ஸ்டியரிங் தண்டு என்ன இரும்பு, எந்தப் பதம் என்று தெரியாமல் செய்யக் கூடாது என்பது என் கட்சி. தம்பியின் சித்தப்பா மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார். அந்த ஊரில் இந்த வண்டிகளுக்கு இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது. மேல் தண்டு, கீழ் தண்டு, கிளாம்ப் மூன்றும் நல்ல நிலையில் பழையதாகவும், கப்ளிங், புஷ், ராக் ரப்பர் புதுசாகவும் வாங்கி, லீவுக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் கூலியோடு சேர்த்தும் அந்த எஸ்டிமேட்டின் சின்னப் பங்குதான் வந்தது.

பொருத்தும்போது கவனமாகச் செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டு. ராக்கை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் கப்ளிங்கை மாட்ட வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி, அதில் பாதிக்குத் திருப்பி, முன் சக்கரங்கள் நேராக நிற்கிறதா என்று பார்த்து, வீலின் கம்பியும் நேராக இருக்கும்படி பல்லில் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, அப்புறம் டை ராடைத் திருகி நேராக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி நேராகப் போகும், ஆனால் ஒரு பக்கம் அதிகம் திரும்பும், மறு பக்கம் குறையும். இறுக்கும் போல்ட் தண்டில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்துதான் மறு பக்கம் வர வேண்டும். அப்படி உட்கார்ந்தால் போல்ட் தளர்ந்தாலும் தண்டு உருவிக்கொண்டு வராது. நட்டுகள் எல்லாம் புது நைலாக், அதாவது தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட். பழைய நைலாக் நட்டைத் திரும்பப் போடுவது எங்கள் பட்டறையில் கிடையாது. கடைசியாக எர்த் வயரைக் கட்டி, காலிங் பெல் சுவிட்சைப் பிடுங்கிப் போட்டோம். வீலில் ஹாரன் அடித்தது. ஆயில் ஒழுகலையும் நிறுத்தினோம். அதைச் செய்யாவிட்டால் புது ரப்பரும் அதே கதிதான்.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. முன் சக்கரத்தின் அடி மூட்டில், சக்கரம் திரும்பும் அந்தப் பித்தளைத் துண்டில், கிரீஸ் அடிக்காதீர்கள். அது இ.பி. 90 கியர் ஆயில் கேட்கிற இடம். நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை எடுக்கிற பழக்கம் நமக்கு. கிரீஸ் மரை முழுக்க ஏறாது, உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடித்து, ஒருநாள் சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். இந்த வண்டியிலும் கிரீஸ்தான் இருந்தது. கழுவி எடுத்துவிட்டு ஆயில் விட்டோம். ஸ்டியரிங் அப்போதே பாதி எடை குறைந்தது.

ஓட்டிப் பார்க்க நாங்குநேரி, வள்ளியூர் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு வரைக்கும் போனோம். ஆனி, ஆடியில் அந்தச் சாலையில் வீசும் காற்று உங்களுக்குத் தெரியும். காற்றாலை அத்தனையும் அங்கே நிற்பது சும்மா இல்லை. லாரியைத் தாண்டும்போது ஒரு கணம் காற்று நிற்கும், தாண்டியதும் பக்கவாட்டில் அறையும். ஸ்டியரிங்கில் ப்ளே இருக்கிற வண்டி அங்கே ஒரு முழம் ஒதுங்கிவிட்டுத்தான் திரும்பும், ஓட்டுகிறவர் பயந்து அதிகமாகத் திருப்புவார், அது மறு பக்கம் பாயும். தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் இரண்டு கையாலும் மல்லுக்கட்டுவாராம். அன்றைக்குக் காற்று அறைந்தபோது அவர் கை நகர்ந்ததை நான் பார்க்கவே இல்லை, வண்டி கோட்டுக்குள்ளேயே போனது. "இதுதான் இந்த வண்டியா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆமாம், அதுதான் அந்த வண்டி. ஐம்பது வயது தாண்டியது, ஆடாதது.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருப்பார். அந்த வரியைத் திருத்தி, "ஸ்டியரிங் ஆடினால் அது பழுது, உடனே பார்க்க வேண்டும்" என்று ஒரு மூலையில் போட்டால் நன்றாக இருக்கும்.

பழைய கார் நூற்றில் ஒருவரிடம்தான் இருக்கும், இது எல்லோருக்கும் என்ன பயன் என்று கேட்கலாம். இந்த நோய் புது வண்டிக்கும் வருகிறது. இப்போது சின்ன கார்களில் கூட எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வந்துவிட்டது. பலவற்றில் மோட்டார் டாஷ்போர்டுக்குள் தண்டோடு சேர்ந்தே இருக்கும். பழுது என்று போனால், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுது எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். மோட்டாரோ சென்சாரோ கெட்டால் ஸ்கேனர் சொல்லிவிடும், அது நல்ல கருவிதான். ஆனால் அதற்குக் கீழே தண்டு கோணம் மாறும் இடத்தில் உள்ள மூட்டில் (யுனிவர்சல் ஜாயிண்ட்) தேய்மானம் இருந்தாலோ, ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலோ அதில் ஒரு எண்ணும் வராது. "ஸ்கேனரில் ஒன்றும் இல்லை" என்று வண்டியைத் திருப்பி அனுப்புவதும், "எதற்கும் முழு அசெம்பிளியை மாற்றிவிடுவோம்" என்பதும் இரண்டும் ஒரே தவறு. கை வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் அந்தத் தவறு.

இப்போது குற்றாலம் சீசன். தூத்துக்குடி, விருதுநகர், மதுரைப் பக்கமிருந்து வேனும் டெம்போவும் ஆளை ஏற்றிக்கொண்டு தென்காசி வழியாக வந்துகொண்டே இருக்கின்றன. சிலர் அப்படியே செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையிலும் ஏறுகிறார்கள். வாடகை வண்டிகளுக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் வருஷா வருஷமும் எஃப்.சி. (தகுதிச் சான்றுக்கான சோதனை) உண்டு. எஃப்.சி.க்கு முந்தின நாள் பெயிண்டும் ஸ்டிக்கரும் பார்க்கிற அக்கறையில் பாதியை வண்டி உரிமையாளர்கள் ஸ்டியரிங் மூட்டுகளுக்குக் கொடுக்கலாம். ஓட்டுநர்களும் சவாரி எடுக்கும் முன் கிளீனர் பையனை உள்ளே உட்கார வைத்து வீலை ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து பாருங்கள். டீ குடிக்கிற நேரம்தான் ஆகும். வீல் அசைந்து சக்கரம் அசையவில்லை என்றால் அன்றைக்குச் சவாரி வேண்டாம்.

வெட்டி எடுத்த அந்த வெல்டிங் துண்டும் கிழிந்த கப்ளிங்கும் எங்கள் பட்டறையில் இருக்கின்றன. தம்பி எனக்கே கொடுத்துவிட்டார். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்கள் யாராவது மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். பிள்ளைகளையே அழைத்து வந்தாலும் சரி, ஒரு ஹெரால்டு நிற்கிறது, அதில் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் பட்டறை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
பேட்டை, திருநெல்வேலி.